செவிக்கு அளவெடுத்த கிட்டார்

பொன்மலையில் வில்பிரட் செல்வநாயகம் யார் என்று விசாரித்தால், முதலில் அவருடைய பீங்கான் கடைகளைச் சொல்வார்கள். கைகழுவும் தொட்டி, குளியல் தொட்டி, மேலைநாட்டுப் பாணிக் கழிப்பறை இருக்கை ஆகிய யாவும் அங்கே கிடைக்கும். அதற்கடுத்தபடியாக அவருடைய தலைக்குள் இருக்கும் பாட்டைச் சொல்வார்கள். அந்தப் பாட்டை எவரும் கேட்டதில்லை. ஆயினும் அது இருக்கிறது என்பதை ஊரே அறியும். ஏனெனில் அவரே பல ஆண்டுகளாக அதனை ஊருக்கு அறிவித்துவருகிறார்.

"பாட்டு ரெடியா இருக்கு. வாசிக்கத்தான் மனுசன் இல்ல" என்பார்.

மனிதர்கள் இல்லாமல் இல்லை. 'கோல்டன் வேவ்ஸ்' என்ற மெல்லிசைக் குழுவை அவரே நடத்தினார். திருவிழா மேடைகளிலும் திருமண வரவேற்புகளிலும் அது பேர்போன குழுதான். ஆனால் அதில் வாசித்தவர்களைப் பற்றி அவர் கொண்டிருந்த கருத்து வேறு. கீபோர்டு வாசித்த பாக்கியநாதனின் கை பரோட்டாவுக்கு மாவு பிசையப் பிறந்த கை. டிரம்ஸ் வாசித்த கபூர் பாய், ஒவ்வோர் உருட்டலின் முடிவிலும் ஓரடியை விழுங்கிவிடுகிறவர். மாடியிலிருந்து இறங்கும்போது கடைசிப் படியை மறந்தவர் தடுமாறுவது போல. பேஸ் கிட்டார் வாசித்த சூசையோ, மூன்றாவது அடி வந்துவிட்டால் போதும், பேருந்து புறப்பட்டுவிட்டது என்பதுபோல் ஓடத் தொடங்குவான். சூசை அவருடைய மைத்துனன்; அதாவது மனைவி ரெஜினாவின் தம்பி. அதனாலேயே அவனுக்கு வசவு சற்றுக் கூடுதலாகக் கிடைத்தது.

சனிக்கிழமை ஒத்திகை முழுவதையும் வில்பிரட் ஒலிப்பதிவு செய்வார். ஞாயிற்றுக்கிழமை, கோயிலிலிருந்து வந்தவுடன், குழுவினரை வரிசையாக உட்காரவைத்து, அவரவர் பிழையை அவரவருக்குப் போட்டுக் காட்டுவார். ஒரே பிழையைத் திரும்பத் திரும்பப் போடுவார். "கேட்டியா? இதுக்குப் பேரு வாசிப்பா?" என்பார். குழுவினர் இதற்கு 'ரெண்டாம் பூசை' என்று பெயர் வைத்திருந்தார்கள். கபூர் பாய்கூட, "எனக்கு முதல் பூசை கிடையாது, நேரா ரெண்டாவதுதான்" என்று சொல்லிச் சிரிப்பார்.

கபூர் பாய் இறந்தார். ஏனையோர் ஒருவர்பின் ஒருவராக விலகினர். வில்பிரட் வருந்தவில்லை, தொல்லை தீர்ந்தது என்றே கருதினார். அவருக்கே விரல் மூட்டுகளில் வீக்கம் கண்டு, கிட்டாரின் கழுத்தைப் பிடிப்பதே வேதனையானபோதும், "விரல்தானே போச்சு. காது இருக்கு" என்றார். காதைப் பற்றி அவருக்கு ஐயமே இருந்ததில்லை.

அந்தச் சமயத்தில்தான், பெங்களூரில் ஒரு நிறுவனம் செவிக்கு அளவெடுத்து கிட்டார் செய்து கொடுப்பதாகக் கேள்விப்பட்டார். மின்கிட்டார் ஒன்று, பேஸ் கிட்டார் ஒன்று, இரண்டையும் ஒரே செவிக்குப் பொருந்தச் செய்து தருவார்கள். வீட்டிலேயே ஒற்றை ஆளாக உட்கார்ந்து முழுப் பாட்டையும் பதிவு செய்துகொள்ளலாம். செய்தியைக் கேட்டதும் வில்பிரட்டின் முகத்தில் பல ஆண்டுகளாகக் காணாத ஒளி வந்தது.

"இனிமே ஒருத்தன் முகத்தையும் பார்க்க வேணாம்" என்று மனைவியிடம் சொன்னார்.

ரெஜினா அம்மாள், "இப்ப மட்டும் யாரப் பார்க்கறீங்க?" என்று கேட்டுவிட்டு, கறிவேப்பிலை உருவப் போய்விட்டார்.

அளவெடுக்க வந்த பெண்ணின் பெயர் ஃபர்சானா. மாடியில், ஒலியடக்கும் பஞ்சு ஒட்டிய சுவர்களுக்கு நடுவே, வில்பிரட்டின் தலையில் மெல்லிய வலைத்தொப்பி ஒன்றை மாட்டி, முன்கையில் ஒரு பட்டையைச் சுற்றினாள். பின்பு ஒரு பெட்டியைத் திறந்து மரத்துண்டுகளைப் பரப்பினாள். வில்பிரட் வேங்கையைத் தேர்ந்தெடுத்தார். இரண்டு கருவிகளுக்கும் ஒரே மரத்திலிருந்து பலகை அறுக்க வேண்டும், கழுத்து ஒல்லியாக இருக்க வேண்டும், பேஸுக்கு ஐந்து கம்பி வேண்டும், மினுக்கும் வண்ணம் எதுவும் பூசக்கூடாது என்றார். அவள் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டாள்.

"எல்லாம் சரிம்மா. நான் அடுத்து என்ன வாசிக்கப்போறேன்னு அதுக்கு எப்படித் தெரியும்? ஜோசியமா?"

"ஜோசியமெல்லாம் இல்ல சார். தெரிஞ்ச பாட்டு ஓடுறப்ப கரண்ட் போயிடுச்சுன்னு வைங்க. அடுத்த வரி உங்க மண்டைக்குள்ள ஓடுமா, ஓடாதா?"

"ஓடும்."

"அதான். விரல் கம்பியத் தொடறதுக்கு முன்னாடியே காது அடுத்த சத்தத்த எதிர்பார்த்துடும். அந்த எதிர்பார்ப்ப இந்தத் தொப்பி புடிச்சுக்கும். கிட்டார் அதத்தான் வாசிக்கும். விரல் சும்மா கதவத் தட்டினாப் போதும். உள்ளேருந்து யாரு வரணும்ங்கறது காதோட முடிவு."

"விரல் தப்பான இடத்துல பட்டாலும்?"

"பட்டாலும் காது நினைச்ச சுரம்தான் வரும். நேரமும் அப்படித்தான். கம்பியோட இழுப்ப உள்ள இருக்கற மோட்டார் பார்த்துக்கும்."

"காது ஒண்ணுமே நினைக்கலேன்னா?"

"சத்தம் வராது சார். புதுசா யார்கூடயாவது சேர்ந்து வாசிச்சா சில பேருக்கு அப்படி ஆகும். கேட்டுப் பழகினா சரியாயிடும்."

வில்பிரட் சிரித்தார். "அது மத்தவனுக்கு. என் காது சும்மா இருந்ததே இல்ல."

ஃபர்சானாவும் மரியாதைக்குச் சிரித்தாள். பிறகு, கருவியின் செவியைப் பழக்குவதற்கு அவர் வாழ்நாளில் விரும்பிக் கேட்ட இசைப்பதிவுகளைத் தர வேண்டும் என்றாள். எவ்வளவுக்கெவ்வளவு கூடுதலாகத் தருகிறாரோ அவ்வளவுக்கவ்வளவு பொருத்தம் கூடும். வில்பிரட் எழுந்து, அலமாரியைத் திறந்து, ஓர் அட்டைப்பெட்டி நிறைய இருந்த பழைய ஹார்டு டிஸ்க்குகளை அவள் முன்னே வைத்தார்.

"இதெல்லாம் என்ன சார்?"

"தப்பு."

"புரியல சார்."

"என் குழுவுல இருந்த அத்தன பயலுகளும் பண்ணின தப்பு. ஒண்ணு விடாம வச்சிருக்கேன். இதத்தான் நான் கேட்டேன், காரியமாக் கேட்டேன்."

"நாங்க கேக்கறது ஆசையாக் கேட்டது சார். ரேடியோவுல, கார்ல..."

"ஆசையாக் கேக்கறது சோம்பேறிங்க வேலை. எதெல்லாம் வரக்கூடாதுன்னு அந்தக் கருவிக்குத் தெரியட்டும். அப்பதான் சுத்தமா வாசிக்கும்."

ஃபர்சானா அட்டைப்பெட்டியை எட்டிப் பார்த்தாள். "சார், 'வரக்கூடாது'ங்கறது காதுக்குத் தெரியாது. கேட்டது, கேக்காதது, ரெண்டே ரெண்டுதான் அதுக்கு. பிடிச்சது பிடிக்காதது எல்லாம் அப்புறம் நாம வைக்கற பேரு."

"நீ எந்த காலேஜ்ல படிச்சம்மா?"

"இங்க திருச்சியிலதான் சார்."

"அதான் பார்த்தேன்" என்றார் வில்பிரட்.

அந்தச் சொல்லுக்குமேல் அவள் வாதாடவில்லை. அவளுக்கு மாலைக்குள் இன்னும் ஒரு வீடு போக வேண்டியிருந்தது. பெட்டியை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனாள்.

கருவிகள் வந்துசேருவதற்கு முன்பே சூசை வந்தான். அவன் ரயில்வே பணிமனையிலிருந்து ஓய்வுபெற்றவன். அக்காள் வீட்டுச் சமையலறையில் நின்றபடியே தேநீர் குடிக்கிற பழக்கம் உள்ளவன். முன்னறைக்குள் வந்தால் மச்சானைப் பார்க்க நேரும் என்பதே அதற்குக் காரணம். அன்று மச்சானே சமையலறைக்கு வந்தார்.

"என்ன மாப்ளே, வேலைவெட்டி இல்லாம சுத்தறியா?"

"ஆமா மச்சான். பேஸ் வாசிக்கறதுக்குக்கூட இனிமே ஆள் வேணாமாமே. அக்கா சொல்லுச்சு."

"ஆள் வேணாம். அதான் சந்தோசம். வேங்கை மரம். அது மூணாவது அடியில ஓடாது."

"மரம் எங்க மச்சான் ஓடும்? ஓடறதுக்கு உசுரு வேணுமில்ல" என்றான் சூசை. "அந்தப் பாட்டு இப்பவாவது வெளிய வருமா? எங்க அக்காவுக்கு உங்களப் பேசி முடிச்ச நாள்லேருந்து கேள்விப்படறேன். கபூர் பாய் சாகறப்பகூட, 'வில்பிரட் பாட்டு வந்துடுச்சா'ன்னுதான்யா கேட்டாரு."

கபூர் பாய் அவ்வாறு கேட்டாரா என்பது ஐயமே. ஆனால் அந்தச் சொல் வில்பிரட்டைச் சுட்டது.

"வர்ற மாசம் முதல் ஞாயிறு. பூசை முடிஞ்சு நேரா இங்க வா. பாக்கியநாதனையும் இழுத்துட்டு வா. உங்க முன்னாடியே வாசிச்சுப் பதிவு பண்றேன். நீங்க என்னத்தக் கெடுத்தீங்கன்னு அன்னைக்குத் தெரிஞ்சுக்கங்க."

"வரலேன்னா?"

"நீங்களா?"

"பாட்டு, மச்சான்."

வில்பிரட் அவனை ஏற இறங்கப் பார்த்தார். "வரலேன்னா, என் தலைக்குள்ள ஒண்ணுமே இருந்ததில்லன்னு கோயில் வாசல்ல நின்னு நானே சொல்றேன். போதுமா?"

ரெஜினா அம்மாள் அடுப்பைத் தணித்துவிட்டுக் கணவரைத் திரும்பிப் பார்த்தார். அவரும் ஒரு காலத்தில் அந்தக் குழுவில் பாடியவர்தாம். இரண்டாம் பூசையில் எல்லாருக்கும் வசவு விழும். அவருக்கு மட்டும் ஒரு சொல்லும் விழாது. புகழும் இல்லை, குறையும் இல்லை. குறை சொல்லக்கூட அருகதையற்ற பாட்டுப் போலும் என்று முதலில் நினைத்தார். பின்னர் அதையே நம்பினார். அதன்பின் பாடுவதை விட்டுவிட்டார். இதை அவர் எவரிடமும் சொன்னதில்லை. இப்போதும், "பாட்டு வந்தா நல்லதுதான். நானும் எத்தன வருசமாக் காத்திருக்கேன்" என்று மட்டும் சொன்னார்.

கருவிகள் வந்தன. அழகு என்றால் அப்படி ஓர் அழகு. வேங்கையின் செந்தவிட்டு நிறத்தில், ஒரே மரத்தின் ரேகை இரண்டிலும் ஓடியது. வில்பிரட் தொப்பியை மாட்டிக்கொண்டு மின்கிட்டாரை மடியில் வைத்தார். முதலில் ஏறுநிரலும் இறங்குநிரலும் வாசித்தார். வீங்கிய விரல்கள் எங்கெங்கோ பட்டன. கம்பிகளிலிருந்து பளிங்குபோல் சுரங்கள் வந்தன. அவர் கண்கள் நிறைந்தன. இத்தனை ஆண்டுகளாக விரல்தான் குற்றவாளி, காது நிரபராதி என்று தீர்ப்பு வந்துவிட்டதாகவே எண்ணினார்.

பின்பு, பாட்டைத் தொடங்கினார்.

முதல் வரி எடுப்பாக வந்தது. இரண்டாம் வரியின் மூன்றாவது அடியில் கிட்டார் ஓடியது. தொடங்கிய வேகத்தைக் கடந்து, எவனோ பேருந்தைப் பிடிக்கப் போவதுபோல் முண்டியடித்தது. வில்பிரட் கையை எடுத்தார். மறுபடி தொடங்கினார். இம்முறை அவ்விடத்தைத் தாண்டிவிட்டார். ஆனால் வரியின் முடிவில் ஓரடி காணாமற்போனது. அதற்கடுத்து ஒரு கூட்டுச்சுரம் மாவுருண்டைபோல் பொத்தென்று விழுந்தது. அவருக்கு அவை எல்லாமே தெரிந்தவை. சூசை. கபூர் பாய். பாக்கியநாதன்.

தொலைபேசியில் ஃபர்சானா பொறுமையாகக் கேட்டாள். பிறகு சொன்னாள்:

"கருவியில பழுது இல்ல சார். அந்த இடம் வரும்போது தப்பு வரும்னு உங்க காது காத்துக்கிட்டு இருக்கு. அதத்தான் அது வாசிக்குது."

"நான் தப்ப வெறுக்கறவன்மா!"

"வெறுக்கறதும் காத்திருக்கறதும் காதுக்கு ஒண்ணுதான் சார். வேற பதிவுகள் கொடுங்க, திரும்பப் பழக்கலாம். ஆனா அதுக்கு நீங்க வேற ஏதாவது கேக்கணும். கொஞ்ச மாசமாவது."

முதல் ஞாயிற்றுக்கிழமைக்கோ அத்தனை நாள் இல்லை. வில்பிரட் பேஸை எடுத்துப் பார்த்தார். அது தொடக்கம் முதல் முடிவுவரை சூசையாகவே இருந்தது. அதைத் தூக்கி உறைக்குள் போட்டார். மறுநாள் ஒரு தந்திரம் செய்தார். பிழை வரப்போகும் இடங்களில் மனத்தை இறுக்கிக்கொண்டு, அதனை எதிர்பாராமல் இருக்க முயன்றார். பிடிவாதக்காரர் ஆதலால் அதிலும் வெற்றி பெற்றார். பிழைகள் நின்றன.

ஆனால் அவை நின்றவுடன் கிட்டாரும் நின்றது.

அவர் கம்பியைத் தட்டினார். மரம் தட்டிய ஓசை மட்டும் வந்தது. ஒரு பிழைக்கும் மறுபிழைக்கும் இடையில் என்ன இருக்க வேண்டும் என்று காதைக் கேட்டுப் பார்த்தார். காதுக்குத் தெரியவில்லை. எடுப்பான அந்த முதல் வரிக்குப்பின், இத்தனை காலமாகத் தாம் பாட்டு என்று ஊருக்கு அறிவித்துவந்தது வேறொன்றும் இல்லை, பிறர் எப்போது தவறுவார்கள் என்ற விழிப்பு மட்டுமே என்பது, பீங்கானில் விரிசல் கண்ட வியாபாரியைப்போல், அவருக்குச் சட்டென்று புலனாயிற்று. வியாபாரி செய்வதையே அவரும் செய்தார். விரிசலைச் சுவர்ப்பக்கமாகத் திருப்பிவைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் சூசையும் பாக்கியநாதனும் வந்தார்கள். பாக்கியநாதன் இப்போது தடியூன்றி நடக்கிறவர். மாடிப்படி ஏறி மூச்சுவாங்க உட்கார்ந்தவர், "என்ன வில்பிரட்டு, பழைய எடத்துலயே உக்காரவா? பயமா இருக்குப்பா" என்றார். ரெஜினா அம்மாள் கதவோரம் ஒரு நாற்காலியில் அமர்ந்தார்.

வில்பிரட் ஒரு திட்டத்தோடு இருந்தார். வாசிப்பது, அது கெட்டுப்போவது, கெட்டவுடன் கருவியைப் பழிப்பது, பெங்களூர்க்காரனை ஏசி, ஆட்களை அனுப்பிவிடுவது. கோயில் வாசல் பேச்சு அதற்குள் மறந்துபோகும். தொப்பியை மாட்டி, லேப்டாப்பில் பதிவைத் தொடங்கினார்.

முதல் வரி வந்தது. இரண்டாம் வரியில் கிட்டார் ஓடியது.

சூசை நிமிர்ந்தான். "டேய்... மூணாவது அடி!" என்றான் தனக்குத்தானே. அடுத்தாற்போல் வரியின் முடிவில் ஓரடி விழுங்கப்பட்டது. பாக்கியநாதன் தடியைக் கீழே போட்டுவிட்டார். "கபூரு..." என்றார். "கபூரேதான்யா. கடைசிப் படிய மறந்துட்டான் பாரு, கடன்காரப் பய." பிறகு அந்த மாவுருண்டைக் கூட்டுச்சுரம் விழுந்தது. பாக்கியநாதன் தம் கையை விரித்துப் பார்த்தார்; சிரித்தார்; சிரித்துக்கொண்டே துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

வில்பிரட் வாசித்துக்கொண்டே அவர்களைப் பார்த்தார். நிறுத்தலாமா என்று நினைத்தார். நிறுத்தினால் இவர்கள் என்ன சொல்வார்கள் என்ற ஆவல் வந்ததால் நிறுத்தவில்லை. ஒரு பிழைக்குப்பின் ஒரு பிழையாக, அந்தக் குழுவின் வாழ்வு முழுவதும் வேங்கை மரத்திலிருந்து வழிந்தது.

முடிந்தபோது சூசை எழுந்து வந்து அவர் தோளைப் பிடித்தான். "மச்சான், நாங்க உங்களத் தப்பா நினைச்சிட்டோம். எங்கள இப்படி ஒவ்வொருத்தரா உள்ள வச்சிருந்திருக்கீங்களே! எங்க அம்மாகூட என்னய இவ்வளவு கவனிச்சதில்ல."

"இது பாட்டு இல்ல" என்றார் வில்பிரட்.

"பின்ன இது என்னவாம்?" என்றார் பாக்கியநாதன். "பெரிய மனசுய்யா உனக்கு. சொல்லிக்க மாட்டேங்கற."

"யோவ், நான் சொல்றதக் கேளுய்யா. இது பாட்டு இல்ல. இது பழுது."

"ஆமா ஆமா, பழுதுதான். நாங்க எல்லாம் பழுதுதான்" என்று சொல்லி இருவரும் மறுபடி சிரித்தார்கள். எத்தகைய மடையர்களோடு காலம் கழித்தோம் என்று வில்பிரட் வியந்தார். வசைக்கும் வாழ்த்துக்கும் வேற்றுமை தெரியாதவர்கள்! ஆயினும் ஒன்றை அவர் கவனித்தார். மறுத்துச் சொன்ன அவருடைய குரல் இரண்டாம் முறை தாழ்ந்திருந்தது. மூன்றாம் முறை சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. கோயில் வாசலில் நிற்க வேண்டிய தேவையும் இல்லாமற்போயிற்று. தகுதியற்றவர்கள் கொடுத்தாலும் பாராட்டு பாராட்டுத்தானே. வாங்கி வைத்துக்கொண்டார்.

அப்போது ரெஜினா அம்மாள் கேட்டார்: "எல்லாரும் இருக்காங்க. நான் எங்க?"

சூசை, நிலைமையைச் சமாளிக்கிறவனாக, "நீ தப்பே பண்ணலையோ என்னவோக்கா" என்றான்.

"அவரச் சொல்லச் சொல்லு."

வில்பிரட்டுக்குப் பொய் சொல்லவேண்டும் என்று தோன்றவில்லை. இதிலே மறைக்க என்ன இருக்கிறது என்றுதான் நினைத்தார். "ஒத்திகை பதிவு பண்ணும்போது உன் மைக்க அணைச்சு வச்சிடுவேன். பாட்டுக் கேட்டா இவனுங்க தப்பு சரியாக் கேக்காது."

"எப்பவுமா?"

"எப்பவும்தான். மேடையிலயும் என் ஹெட்போன்ல உன் குரல் வராது. எனக்கு வேலை இருந்துச்சுல்ல?"

ரெஜினா அம்மாள் தலையசைத்தார். இத்தனை ஆண்டுகளாகத் தம் பாட்டுக்கு என்ன குறை என்று தேடிக்கொண்டிருந்தவர், தீர்ப்பு மோசமாக இருந்தது என்பதல்ல, வழக்கே விசாரணைக்கு எடுக்கப்படவில்லை என்று அப்போதுதான் அறிந்தார். அழுவார் என்று சூசை எதிர்பார்த்தான். அவர் அழவில்லை. கணவரை, கடையில் திருப்பித் தர முடியாத ஒரு பொருளைப் பார்ப்பதுபோல், நிதானமாகப் பார்த்தார்.

"சரி. பதிவ ஓடவிடுங்க. உங்க முதல் வரி மட்டும் நல்லாத்தான் இருக்கு. அதப் பாடறேன். கூட வாசிங்க" என்றார்.

அவர் எழுந்திருக்கவுமில்லை, மைக்குக்கு அருகில் போகவுமில்லை. இருந்த இடத்திலேயே பாடினார். சொல் இல்லாமல், அந்த ஒரே வரியை எடுத்து, கீழே கொண்டுபோய், யாரும் எதிர்பாராத ஓரிடத்தில் நிறுத்தி, அங்கிருந்து பக்கவாட்டில் வேறொரு தெருவில் நடத்திப் போனார். வயதால் குரல் சற்றுக் கரகரத்தது. அந்தக் கரகரப்பையும் அவர் மறைக்க முயலவில்லை. பாக்கியநாதன் தடியைப் பொறுக்கி நாற்காலிக் காலில் மெல்லத் தாளம் தட்டினார்.

வில்பிரட் கம்பியைத் தட்டினார். ஓசை இல்லை. மறுபடி தட்டினார், மரம் தட்டிய சத்தம்தான். அவள் அடுத்து எங்கே போவாள் என்பது அவருடைய காதுக்குத் தெரியவில்லை. எங்கே தவறுவாள் என்பதும் தெரியவில்லை. பிழை வரும், பிழை வரும் என்று செவியைக் கூர்மையாக்கிக்கொண்டு காத்திருந்தார். அது எந்தப் பக்கத்திலிருந்து வரும் என்பதற்குத் துப்பே கிடைக்கவில்லை. பாட்டு முடியும்வரை அவர் அந்த ஊமை மரத்தை மடியில் வைத்துத் தட்டிக்கொண்டே இருந்தார்.

முடிந்ததும் சூசை லேப்டாப்பை எட்டிப் பார்த்தான். ரெஜினாவின் குரல் மலையும் மடுவுமாகப் பதிவாகியிருந்தது. கிட்டாரின் பதிவு ஒரே நேர்க்கோடாக இருந்தது.

"மச்சான்" என்றான் சூசை, "இந்தத் தடவ நீங்க ஒரு தப்புகூடப் பண்ணல."

திங்கட்கிழமை காலையில் வில்பிரட் பெங்களூருக்குத் தொலைபேசியில் பேசினார். தமக்கு விற்கப்பட்ட பொருள் குறைபாடுள்ளது என்றும், மனைவி பாடினால் அது ஒலிக்க மறுக்கிறது என்றும், இதற்கு விளக்கம் வேண்டும் என்றும் கடையில் அதட்டும் குரலில் கேட்டார்.

"நான்தான் அன்னைக்கே சொன்னேனே சார்" என்றாள் ஃபர்சானா. "கேக்காத குரலுக்கு அது வாசிக்காது. மேடம் தினமும் கொஞ்ச நேரம் பாடட்டும். நீங்க தொப்பிய மாட்டிக்கிட்டு சும்மா பக்கத்துல உக்காந்திருந்தாப் போதும். தானாப் பழகிடும்."

"சும்மாவா?"

"சும்மாதான் சார். வாசிக்கக்கூட வேணாம். மேடம்கிட்ட ஒரு வார்த்த கேட்டுச் சொல்லுங்களேன், பாடுவாங்களான்னு. நான் லைன்ல இருக்கேன்."

வில்பிரட் தொலைபேசியின் வாயை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு சமையலறைப் பக்கம் திரும்பினார். "இந்தா, தினமும் பாட முடியுமான்னு கேக்கறாங்க."

உள்ளே பாத்திரம் ஒன்று கவிழ்க்கப்பட்ட ஓசை கேட்டது. "யாரு கேக்கறது? நீங்களா, கம்பெனியா?"

'நான்தான்' என்ற ஒரே சொல்தான்; ஆனால் அந்தச் சொல்லை அவர் எவரிடமும் சொல்லிப் பழகியதில்லை.

"கம்பெனிதான்" என்றார்.

"அப்ப கம்பெனிய வந்து கேக்கச் சொல்லுங்க."

அவர் கையை எடுத்துவிட்டுத் தொலைபேசியில், "அவ வீட்ல இல்ல. வெளிய போயிருக்கா" என்றார்.

"பரவாயில்ல சார். வந்ததும் கேளுங்க" என்ற ஃபர்சானா, சற்று நிறுத்தி, "பின்னாடி யாரோ பாடறாங்களே சார்?" என்றாள்.

சமையலறையில் ரெஜினா அம்மாள் பாடிக்கொண்டிருந்தார். நேற்றைய அந்த வரிதான். ஆனால் நேற்றுப் போன வழியில் போகவில்லை.

"ரேடியோ" என்றார் வில்பிரட்.

"நல்லா இருக்கு சார். எந்த ஸ்டேஷன்?"

அவர் இணைப்பைத் துண்டிக்கவில்லை. தொலைபேசியைக் காதிலிருந்து எடுத்து மேசைமீது நிமிர்த்தி வைத்துவிட்டு, மாடிப்படியை நோக்கி இரண்டடி வைத்தார். பிறகு நின்று, அவள் பாடிக்கொண்டிருக்கும்போதே மாடிக்குத் தொப்பியை எடுக்கப் போகலாமா, போனால் அதற்குள் அவள் நிறுத்திவிடுவாளா என்று தெரியாமல், அங்கேயே நின்றுகொண்டிருந்தார்.